ஒரே டிவிடிக்குள் பல ஓஎஸ்: மெனு சுலபம், அதற்கப்புறம்தான் வேலை

பல இயங்குதளங்களை (ஓஎஸ்) ஒரே வட்டிலிருந்து எழுப்பி நிறுவ உதவும் மல்டிபூட் டிவிடி செய்வது எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மெனுவைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். பின்னணியில் என்ன படம் வைக்கலாம், எத்தனை விநாடி காத்திருக்க விடலாம், எழுத்து என்ன நிறத்தில் இருக்கலாம் என்று. மெனு ஒரு சாயங்கால வேலை. ஐசோலினக்ஸோ கிரப்போ, ஏதாவது ஒரு பூட்லோடரை (ஓஎஸ்ஸை எழுப்பிவிடும் சின்ன நிரல்) எடுத்துக்கொண்டு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் எழுதினால் முடிந்தது. பாடு தொடங்குவதே மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டிய பிறகுதான். விண்டோஸோ லினக்ஸோ, எந்த இன்ஸ்டாலரை எடுத்தாலும் வட்டு முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற நினைப்போடுதான் எழுதப்பட்டிருக்கும். ஒண்டுக்குடித்தனத்தில் ஒவ்வொரு குடும்பமும் வாசலும் முற்றமும் தனக்கே என்று நினைத்தால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு இன்ஸ்டாலருக்கும் அதன் அறை எது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுப்பதுதான் மல்டிபூட் வட்டு செய்கிற வேலை முழுவதும். இதைப் புரிந்துகொண்டால் எந்த மென்பொருளை வைத்தும் செய்துவிடலாம்; புரியாவிட்டால் எந்த மென்பொருளும் கடைசிவரை கைகொடுக்காது.

இந்தக் காலத்தில் டிவிடியா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளி, நூலகம் மாதிரி இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய கணினிகளில் யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகாத பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் உள்நிரல்) நிறைய இருக்கிறது, அதே பெட்டியில் டிவிடி டிரைவ் மட்டும் நன்றாக வேலை செய்யும். அப்புறம், ஒரு பென் டிரைவை வரிசையாகப் பத்து கணினியில் செருகி எடுத்தால் அதில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. எழுதி மூடிய டிவிடியில் எதுவும் ஒட்டாது. அந்த ஒரு காரணத்துக்காகவே என் பையில் எப்போதும் ஒரு மல்டிபூட் டிவிடி இருக்கும்.

முதலில் வட்டு எப்படி பூட் ஆகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிடியிலிருந்து பூட் செய்வதற்கான விதிமுறையை ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1995-ல் வெளியிட்டார்கள், அதன் பெயர் எல் டோரிட்டோ. ஏதாவது ஒரு பூட் ஆகும் ஐஎஸ்ஓ ஃபைலை (வட்டின் முழு நகல்), பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். வட்டின் ஒரு செக்டார் 2048 பைட். முதல் பதினாறு செக்டாரை ஐஎஸ்ஓ 9660 விதிமுறை தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. பதினாறாம் எண் செக்டாரில் வட்டின் பெயரும் ரூட் ஃபோல்டர் இருக்கும் இடமும். பதினேழில்தான் விஷயம்: ஹெக்ஸில் 8800 என்ற முகவரிக்குப் போனால், வலது பக்கம் ‘எல் டோரிட்டோ ஸ்பெசிஃபிகேஷன்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் பச்சையாகவே எழுதியிருக்கும். அதிலிருந்து கொஞ்சம் தள்ளி நான்கு பைட்டில் ஒரு எண், பூட் கேட்டலாக் (பூட் இமேஜ்களின் பட்டியல்) எந்த செக்டாரில் இருக்கிறது என்று. அந்தக் கேட்டலாக்கைப் பார்த்துத்தான் பயாஸ் எதை மெமரிக்குள் ஏற்றுவது என்று முடிவு செய்கிறது. முதல்முறை இதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கேட்டலாக்கில் பல பூட் இமேஜ்களை வரிசையாக எழுதி வைக்கலாம் என்றுதான் விதிமுறை சொல்கிறது. அப்படியானால் மல்டிபூட் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான பயாஸ்கள் முதலில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும், மீதியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் முதல் இடத்தில் ஒரு மெனு நிரலை உட்கார வைத்து, மற்றவற்றை அது எழுப்பும்படி செய்ய வேண்டியிருக்கிறது.

இனி விண்டோஸ் எக்ஸ்பி. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மல்டிபூட் கலையைப் பலரும் கற்றுக்கொண்டதே எக்ஸ்பியையும் விண்டோஸ் 2000-ஐயும் ஒரே வட்டில் ஏற்றப் போராடித்தான். எக்ஸ்பி சிடியின் பூட் செக்டாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ரூட்டில் ஐ386 என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் செட்டப்எல்டிஆர்.பின் இருக்கும், அதை ஏற்றிவிடு. ஏற்றப்பட்ட செட்டப்எல்டிஆரும் தன் மற்ற ஃபைல்களை அதே ஐ386-க்குள்தான் தேடும். விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஹோம், எக்ஸ்பி புரொஃபஷனல், சர்வர் 2003, எல்லாவற்றுக்கும் அதே பெயர், அதே இடம். ஒரு வட்டின் ரூட்டில் ஐ386 என்ற பெயரில் ஒரு ஃபோல்டர்தான் இருக்க முடியும்.

இதற்கு ஆட்கள் கண்டுபிடித்த வழி அழகானது. ஹெக்ஸ் எடிட்டரில் பூட் செக்டாரையும் செட்டப்எல்டிஆர்.பின்னையும் திறந்து, ஐ386 என்று வரும் இடங்களிலெல்லாம் வேறு ஒரு நான்கெழுத்துப் பெயரை எழுதுவது. ஹோமுக்கு ஒரு பெயர், புரொஃபஷனலுக்கு ஒன்று, 2000-க்கு ஒன்று. நான்கு எழுத்துதான், மூன்றும் கூடாது ஐந்தும் கூடாது. நிரலின் வயிற்றுக்குள் இருக்கிற எழுத்து அது, நீளம் மாறினால் அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு பைட்டும் இடம் நகர்ந்துவிடும். அப்புறம் அந்த நான்கெழுத்து ஃபோல்டருக்குள் முழு விண்டோஸையும் போட வேண்டியதில்லை, செட்டப்பின் நீலத் திரை எழுந்து வருவதற்குத் தேவையான ஃபைல்கள் மட்டும் போதும். அது எவ்வளவு என்று கேட்டால், சிடியிலிருந்து பூட் ஆகாத கணினிகளுக்காக மைக்ரோசாஃப்ட் தந்த பூட் ஃப்ளாப்பிகளில் இருந்தவைதான்: 2000-க்கு நான்கு ஃப்ளாப்பி, எக்ஸ்பிக்கு ஆறு. முழு ஐ386-ஐ வட்டுக்குள் இன்னொரு ஃபோல்டருக்குள் தள்ளி வைத்துவிட்டு, டிஎக்ஸ்டிசெட்டப்.சிஃப் என்ற ஃபைலில் மூல ஃபைல்கள் எங்கே என்று சொல்கிற ஒரு வரியை மட்டும் அந்த இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

இதில் அடிக்கடி விட்டுப்போகிற ஒன்று உண்டு. எக்ஸ்பி சிடியின் ரூட்டில் வின்51 என்று தொடங்கும் பெயரில் சில பொடி ஃபைல்கள் இருக்கும், சில பைட்தான் இருக்கும், பார்த்தால் குப்பை மாதிரித் தெரியும். செட்டப் தான் தேடும் வட்டு இதுதான் என்று அடையாளம் கண்டுகொள்வதே அவற்றை வைத்துத்தான். அவற்றை மற்ற ஃபைல்களோடு கூடவே எடுத்துப் போகாவிட்டால் பாதி வழியில் நின்று சிடியைப் போடு என்று கேட்கும், சிடி டிரைவுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொன்று, ‘ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்’ என்று கேட்கிற அந்த வரி பூட்ஃபிக்ஸ்.பின் என்ற தனி ஃபைலிலிருந்து வருகிறது. மெனுவில் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம், அதனால் அந்த ஃபைலை எடுத்துவிடலாம், கேள்வி வராது.

சரி, நாலு விண்டோஸையும் போட்டால் இடம் எங்கே போதும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எக்ஸ்பி ஹோமும் புரொஃபஷனலும் ஒரே சர்வீஸ் பேக்கில் இருந்தால் பெரும்பாலான ஃபைல்கள் பைட்டுக்கு பைட் ஒன்றே. ஐஎஸ்ஓ 9660-ல் ஒரு ஃபோல்டரின் பட்டியலில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுதியிருப்பது பெயர், எந்த செக்டாரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்கிற தகவல்கள்தான். இரண்டு ஃபோல்டர்களில் உள்ள இரண்டு பெயர்கள் ஒரே செக்டாரைக் காட்டினால் எந்த விதியும் உடையாது, படிப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் சிடிஇமேஜ் என்ற கருவியிலும், பின்னாளில் அதன் வழியில் வந்த ஓஎஸ்சிடிஇமேஜிலும், ஓ என்ற ஒரு சுவிட்சைக் கொடுத்தால் ஒரே உள்ளடக்கம் உள்ள ஃபைல்களைக் கண்டுபிடித்து ஒரு தடவை மட்டும் எழுதும். அதனால் இரண்டாவது எக்ஸ்பி கிட்டத்தட்ட இலவசமாகவே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அப்படிச் செய்த வட்டில் எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால், 700 எம்பி சிடியில் அதைவிட அதிகமாக இருப்பதாகக் காட்டும். கணக்கில் தப்பில்லை, ஒரே ஃபைலை இரண்டு தடவை எண்ணுகிறது, அவ்வளவுதான்.

விஸ்டா வந்தபோது இந்தப் பாடுகளில் பாதி தேவையில்லாமல் போயிற்று. இன்ஸ்டால்.விம் என்ற ஒரே பெரிய ஃபைலுக்குள் எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் வைக்கலாம், ஒரே மாதிரி ஃபைல் பல பதிப்புகளில் இருந்தால் விம்மே அதை ஒரு தடவைதான் சேமிக்கும், வெளியே எந்தக் கருவியும் வேண்டாம். விண்டோஸ் 7-ல் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள இஐ.சிஎஃப்ஜி என்ற ஃபைலை நீக்கிவிட்டால், அந்த ஒரே டிவிடியிலிருந்து எந்தப் பதிப்பை நிறுவுவது என்று கேட்கும் பட்டியல் வந்துவிடும். 64-பிட் பதிப்புகளை 32-பிட் வட்டின் விம்முக்குள் ஏற்றுமதி செய்துவிட்டால், 32-பிட் செட்டப்பிலிருந்து பூட் செய்தே இரண்டு வகையையும் நிறுவலாம், பயாஸ் முறையில் பூட் செய்கிற வரைக்கும். எந்தப் பதிப்பை நிறுவினாலும் அதற்கான சாவி உங்களிடம் இருக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விம்மின் தொல்லை அதன் பருமன். 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32-ல் ஏறாது. பென் டிரைவாக இருந்தால் டிசம் கருவியில் அதைத் துண்டுகளாக வெட்டி எஸ்டபிள்யூஎம் ஃபைல்களாக வைக்கலாம், செட்டப் அவற்றைப் புரிந்துகொள்ளும். டிவிடியாக இருந்தால் யூடிஎஃப் முறையில் எழுத வேண்டும்.

லினக்ஸ் பக்கம் வந்தால் எல்லாம் திறந்து கிடக்கிறது, ஹெக்ஸ் எடிட்டரே வேண்டாம். ஆனால் அதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். உபுண்டுவின் இரண்டு வெளியீடுகளை ஒரே வட்டில் வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் காஸ்பர் என்ற ஃபோல்டர்தான், அதற்குள்தான் கர்னலும் (ஓஎஸ்ஸின் மையம்) இனிட்ஆர்டியும் (தொடக்கத்தில் மெமரியில் ஏறும் சின்ன ஃபைல் சிஸ்டம்) சுருக்கப்பட்ட ஃபைல் சிஸ்டமும். ஒன்றின் ஃபோல்டர் பெயரை மாற்றி, மெனுவில் கர்னலின் புதிய பாதையைக் கொடுத்துவிட்டால் கர்னல் ஜம்மென்று எழும், திரையில் வரிகள் ஓடும், சரி வந்துவிட்டது என்று நினைக்கும்போது பிஸிபாக்ஸின் வெறும் கட்டளை வரியில் போய் நிற்கும், அல்லது மெனுவில் புதியதைக் கேட்டால் பழைய வெளியீட்டின் ஃபைல் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வரும். ஏனென்றால் பூட்லோடர் கர்னலையும் இனிட்ஆர்டியையும் மெமரியில் வைத்துவிட்டு விலகிவிடுகிறது. தான் எந்த ஃபோல்டரிலிருந்து வந்தோம் என்பது கர்னலுக்குத் தெரியாது. இனிட்ஆர்டிக்குள் இருக்கிற ஸ்கிரிப்ட் முதலிலிருந்து எல்லா டிரைவையும் துழாவி, காஸ்பர் என்ற பெயரைத் தேடுகிறது.

அதற்குத்தான் லைவ்-மீடியா-பாத் என்ற கர்னல் அளவுரு இருக்கிறது, அதில் புதிய ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் நேராக அங்கே போகும். அதுவும் போதாமல் போகலாம்: இனிட்ஆர்டிக்குள் ஒரு அடையாள எண் இருக்கும், வட்டின் மறைந்திருக்கும் டிஸ்க் ஃபோல்டரிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடும், இல்லையென்றால் இது என் வட்டு இல்லை என்று ஒதுக்கிவிடும். இக்னோர்_யூயுஐடி என்று சேர்த்தால் அந்தச் சோதனையை விட்டுவிடும். ஃபெடோரா வேறு மாதிரி, அது வட்டின் லேபிளை வைத்துத் தன் வீட்டைக் கண்டுபிடிக்கிறது. ஒரு வட்டுக்கு ஒரு லேபிள்தானே இருக்க முடியும், அதனால் மெனுவில் உள்ள ஃபெடோரா வரிகளில் உங்கள் வட்டின் லேபிளை எழுத வேண்டும், இரண்டு ஃபெடோரா இருந்தால் லைவ் ஃபோல்டரின் பெயரையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

ஃபைல்களைப் பிரித்து வைக்காமல் ஐஎஸ்ஓவை அப்படியே உள்ளே வைத்து பூட் செய்ய முடியாதா என்பது அடுத்த கேள்வி. முடியும். கிரப்பின் லூப்பேக் கட்டளை ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே இருக்கிற கர்னலை எடுத்துக் கொடுக்கும். ஆனால் மேலே சொன்ன அதே கதை, கர்னல் எழுந்ததும் அந்த லூப்பேக் இருந்த சுவடே இருக்காது. உபுண்டுவுக்கு ஐஎஸ்ஓ-ஸ்கேன் என்றும் டெபியன் லைவுக்கு ஃபைண்ட்ஐஎஸ்ஓ என்றும் அளவுரு கொடுத்தால் அவை தாங்களே ஐஎஸ்ஓவைத் தேடித் திறந்துகொள்ளும். டெபியனின் சாதாரண நெட்இன்ஸ்ட் (மீதியை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும்) இன்ஸ்டாலரில் இந்த வசதி இல்லை, அதற்கு ஹெச்டி-மீடியா என்று டெபியன் தனியாகத் தருகிற இனிட்ஆர்டியை எடுத்துப் போட வேண்டும். இது தெரியாமல் நெட்இன்ஸ்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஏராளம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மெம்டிஸ்க் என்று ஒன்று உண்டு, சிஸ்லினக்ஸ் தொகுப்பில் வருவது. முழு ஐஎஸ்ஓவையும் ராமில் ஏற்றி, பயாஸின் டிஸ்க் அழைப்புகளை இடைமறித்து, இதுதான் டிஸ்க் என்று காட்டும். டாஸ், பயாஸ் அப்டேட் ஃப்ளாப்பி, வன்தட்டுச் சோதனைக் கருவிகள் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பெரிய ஓஎஸ்களுக்கு இதை நம்பாதீர்கள். லினக்ஸோ விண்டோஸோ தன் சொந்த டிரைவர்களோடு டிஸ்க்கைப் படிக்கத் தொடங்கிய கணத்தில் பயாஸைக் கேட்பதை நிறுத்திவிடும், மெம்டிஸ்க் காட்டிய டிஸ்க் அதன் கண்ணுக்கே தெரியாது.

பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்த பிறகு வட்டுக்கு இரண்டு வாசல் வேண்டும். பயாஸுக்கு ஒரு பூட் இமேஜ், அதே எல் டோரிட்டோ கேட்டலாக்கில் இஎஃப் என்ற ஹெக்ஸ் குறியோடு இரண்டாவதாக ஒரு பதிவு, அது ஒரு சின்ன ஃபேட் இமேஜைக் காட்டும், அதற்குள் இஎஃப்ஐ பூட்லோடர். ஐஎஸ்ஓ உருவாக்கும் ஜோரிசோ கருவியில் இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்க்கலாம். இப்படிச் செய்யும்போது இரண்டு வாசலுக்கும் கிரப்பையே வைத்து ஒரே மெனு ஃபைலைப் படிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்பி உள்ள பழைய வட்டுக்கு மட்டும் ஐசோலினக்ஸ்தான் என் தேர்வு, பெயர் ‘.பின்’ (.bin) என்று முடிகிற ஃபைலைக் கொடுத்தால் அதைச் சிடி பூட் செக்டார் என்று எடுத்துக்கொண்டு நேராக ஏற்றிவிடும், எக்ஸ்பிக்கு அதுதான் வேண்டும்.

2020-ல் வென்டாய் என்ற கருவி வந்ததும் பென் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது, ஐஎஸ்ஓக்களை அப்படியே காப்பி செய்தால் போதும், மெனு தானாக வந்துவிடும். எனக்கு அது பிடிக்கும், புதிய கணினிகளுக்கு நானும் அதைத்தான் எடுத்துப் போகிறேன். உள்ளே அது செய்வதும் இதே வேலைதான்: லினக்ஸ் என்றால் இனிட்ஆர்டி ஓடும்போது குறுக்கே புகுந்து, பென் டிரைவில் ஐஎஸ்ஓ கிடக்கும் செக்டார்களை டிவைஸ் மேப்பர் மூலம் ஒரு தனி டிஸ்க் மாதிரிக் காட்டுகிறது, இன்ஸ்டாலரும் வட்டு முழுக்கத் தனக்கே என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. நாம் ஒவ்வொரு இன்ஸ்டாலரின் அளவுருக்களையும் கற்றுக்கொண்டு கையால் செய்ததை அது எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்கிறது. ஏதாவது ஒரு ஐஎஸ்ஓ அதில் எழ மறுத்தால் காரணம் எங்கே இருக்கும் என்று ஊகிக்க, மேலே சொன்னதெல்லாம் தெரிந்திருந்தால் நல்லது.

எழுதுவதற்கு முன்னால் ஐஎஸ்ஓவை, கணினிக்குள் கணினியை ஓட்டும் கியூஇஎம்யூவிலோ விர்ச்சுவல் பாக்ஸிலோ ஒவ்வொரு மெனு வரியையும் எழுப்பிப் பாருங்கள், பயாஸ் முறையில் ஒருமுறை, யூஇஎஃப்ஐ முறையில் ஒருமுறை. மெனு வந்தால் போதும் என்று நிறுத்தாமல் வன்தட்டைப் பிரிக்கும் திரை வரைக்கும் போக வேண்டும், தன் ஃபைல்களைக் கண்டுபிடிக்க முடியாத இன்ஸ்டாலர் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். எழுதும்போது வேகத்தைக் குறையுங்கள், எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய டிரைவ்களின் லென்ஸ் தேய்ந்திருக்கும், வேகமாக எழுதிய டிவிடியை அவை பாதியில் படிக்க முடியாமல் தவிக்கும்.

இப்போது ஒரு புது டிவிடி போடுவதாக இருந்தால் என்ன வைப்பது என்றால், விண்டோஸ் 11 வேண்டாம், அதன் ஐஎஸ்ஓ ஒன்றே 5 ஜிபியைத் தாண்டுவதால் ஒற்றை அடுக்கு டிவிடியில் தனியாகவே அடங்காது, பழைய கணினிகள் அதை ஓட்டவும் போவதில்லை. 32-பிட் கணினிகளுக்குத்தான் இந்த வட்டு அதிகம் தேவைப்படும், அங்கே தேர்வு சுருங்கிக்கொண்டே போகிறது. உபுண்டு 17.10-லிருந்தே 32-பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ தருவதில்லை, டெபியன் 13-ல் 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது. அதனால் டெபியன் 12-ன் ஐ386 நெட்இன்ஸ்ட் ஒன்று, ஆன்டிஎக்ஸ் லினக்ஸின் 32-பிட் ஐஎஸ்ஓ ஒன்று, 64-பிட்டுக்கு டெபியன் 13 நெட்இன்ஸ்ட் ஒன்று, மெமரி சோதிக்க மெம்டெஸ்ட்86+ ஒன்று. நாலும் சேர்ந்தாலும் டிவிடியில் தாராளமாக இடம் மிஞ்சும், அந்த மிச்சத்தில் வைஃபை ஃபர்ம்வேர்களையும், நெட் இல்லாத இடத்தில் தேவைப்படும் தமிழ் எழுத்துரு, விசைப்பலகைத் தொகுப்புகளையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். டெபியன் 12-ன் அந்த 32-பிட் ஐஎஸ்ஓவை இப்போதே இறக்கி, செக்சம் சரிபார்த்து, ஒரு பிரதி தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.